தலை எண்ணும் பாட்டு

ஃபேனை நிறுத்திய பிறகுதான் தணிகாசலத்துக்கு உள்ளே ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. அது தலைக்கு மேல் லொடலொடத்துக்கொண்டிருந்தவரை, மந்தைவெளியில் ஒரு நாட்டியப் பள்ளியின் மாடிக் கூடத்தில், முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவே, கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருப்பது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள், வண்டி வந்தால் ஏறிப் போய்விடலாம். இப்போது சத்தம் நின்றதும் எல்லார் மூச்சும் கேட்டது, தன் மூச்சும் கேட்டது, அது மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகக் கேட்டது. "ஃபேன் சத்தம் குறுக்க வரும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஒரு மணி நேரம்தான்," என்று முன்னால் நின்ற பெண் சொன்னாள். ஃபர்ஹானா என்று பெயர், சவுண்டு இன்ஜினியராம், இருபத்தைந்து வயசுகூட இருக்காது, அந்த நாடகம் நடந்தபோது தவழ்ந்துகொண்டிருந்திருப்பாள். 'மொட்டைமாடி முகூர்த்தம்' என்ற அந்தப் பாட்டு நாடகம் இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சென்னையில் மேடையேறி ஒரு வாரம்கூடத் தாங்காமல் படுத்துப் போனது. அதில் பாடியவர்களையே வைத்து ஸ்டூடியோவில் எடுத்த ஒரு சிடிதான் மிச்சம். அந்த சிடியை யாரோ இன்டர்நெட்டில் ஏற்ற, கேட்டவர்கள் இன்னொருத்தரைக் கேட்கவைக்க, நாடகத்தைக் கண்ணால் பார்க்காதவர்களே ரசிகர்களாகி இப்படி வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடிக் கேட்கிறார்கள். இந்த வருஷம் ஃபர்ஹானா அந்தப் பழைய ஒலிப்பதிவைத் தூசு தட்டி, இரைச்சல் நீக்கி, புதுசாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் காலையில் திருத்தணியில் ரயில் ஏறினார். புதுசாக்கினால் லோகுவின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான் அவர் நினைத்தது. ஆனால் அவள் ஃபேனை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். "தலை எண்ணுற பாட்டுல அந்த அண்டா வர்ற இடத்தை எடுத்துட்டேன். யாரும் சண்டைக்கு வராதீங்க." உடனே கூடத்தில் சிரிப்பு, கைதட்டல், "தப்பிச்சோம்டா சாமி" என்று யாரோ. "அடுத்த வாரம் இதை ஏத்திட்டு, பழைய கண்றாவியை எடுத்துடலாம்னு இருக்கோம்," என்றாள் அவள். அதற்கும் கைதட்டினார்கள். அந்த அண்டா லோகுதான். அவருடைய மகன்.

முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது, நாதஸ்வரம், அதன் அடியில் மழை. ஏரியோரத்தில் ஒரு மண்டபம், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, ஏரி உடைந்து தண்ணீர் உள்ளே வர, பெண் வீடும் பிள்ளை வீடும் மொட்டைமாடிக்கு ஏறிப் போய் விடியும்வரை அங்கேயே நிற்பதுதான் கதை என்று லோகு சொல்லியிருக்கிறான். அதில் அவனுக்குச் சமையல்காரரின் கையாள் வேஷம். ஒரே ஒரு வரி. மழையில் ஓடிவந்து, "அண்டா மிதக்குதண்ணே, சாம்பார் அண்டா மிதக்குது," என்று ராகமாகக் கத்திவிட்டுப் போகவேண்டும். அந்த வரியைக் கேட்பதற்காகவே தணிகாசலம் இத்தனை வருஷமும் அந்த முழுப் பதிவையும் ஓட விட்டுக்கொண்டிருந்தார். மாதாகோயிலுக்குப் போகிறவர்கள் போகிற மாதிரியோ, மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள் போகிற மாதிரியோ இல்லை, எதிரே வரும் வண்டியின் நம்பரை எதற்கென்று தெரியாமல் படித்துவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரி ஒரு பழக்கம். அவர் மனசுக்குள் இப்படித்தான் சமாளித்துக்கொள்வார், ஆனால் அது பழக்கம் இல்லை என்று அவருக்கே தெரியும். சிடி கீறல் விழுந்து சரியாக அந்தப் பாட்டுக்கு முன்னாலேயே சிக்கிக்கொள்ள ஆரம்பித்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் போனில் வருகிறது என்று தெரிந்து, பக்கத்துக் கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்து, அதன் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பாதிக்கு மேல் கதாநாயகியைப் பற்றி, மிச்சம் மத்தளத்தைப் பற்றி. அண்டாவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். அந்த அண்டா ஆள் மட்டும் இல்லை என்றால் இது உலகத் தரம். சாவு வீட்டில் வந்து சோறு கேட்கிற மாதிரி இருக்கிறது. யாருய்யா அவன், டைரக்டரோட மச்சானா. மஸ்கட்டிலிருந்து ஒருத்தர் மட்டும், 'எங்க வீட்ல அந்த இடம் வந்தா சின்னது பெருசு எல்லாம் சேர்ந்து கத்துவோம்' என்று எழுதியிருந்தார். தணிகாசலம் அதைத் திரும்பத் திரும்பப் படித்து, மஸ்கட்டில் ஒரு வீடு, அதில் விளக்கு, சோபா, சின்னதும் பெரிசும், எல்லார் வாயிலும் லோகு என்று ஒரு சித்திரம் போட்டுவைத்திருந்தார். அதற்குக் கீழே ஒருநாள் கஷ்டப்பட்டு 'அவர் இப்போது இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தபோது அந்த வீட்டில் விளக்கு அணைந்த மாதிரி இருந்தது. அழித்துவிட்டார்.

எழுந்து சொல்லிவிடலாமா. அம்மா, அந்தக் குரல் என் பையனோடது. இல்லை, 'அம்மா' என்று ஆரம்பிக்கக்கூடாது, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும். மேடம், அந்த அண்டா வேஷம் போட்ட லோகநாதன் வந்து. இதில் 'வந்து' எதற்கு. லோகநாதன் என்னுடைய. அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை, எருமை பாலத்தின் நடுவே நின்றுகொள்கிற மாதிரி நின்றுகொண்டது, பின்னால் தள்ளினாலும் வராது, முன்னால் இழுத்தாலும் வராது. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக முப்பத்து நாலு வருஷம் இருந்தவருக்கு எருமையை நகர்த்தத் தெரியும், காதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். வாக்கியத்துக்கு எங்கே தண்ணீர் விடுவது. சரி, சொல்லியே விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெண் முகம் மாறும். ஐயோ சார் என்பாள். எல்லாரும் திரும்புவார்கள், சிரித்தவன் தலையைக் குனிவான், ஒருத்தர் வந்து தோளைத் தொடுவார். அண்டாவைத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த இடம் வரும்போதெல்லாம் எல்லாருக்கும் லோகு கேட்கமாட்டான், கிழவன் ஒருத்தன் எழுந்து நின்று அழுததுதான் கேட்கும். பாவம் பார்த்துப் போட்ட இலையில் அவனை உட்காரவைக்கவேண்டுமா. அவன் அப்படி எங்கேயும் உட்கார்ந்தவன் இல்லை. வேண்டாம். உட்கார்ந்திருப்போம். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் எடுத்துவிடுவார்களே. எடுத்துவிட்டால். முன் வரிசையில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், மருதாணி வைத்த விரல் முழங்காலில் தாளம் போட்டது. அவளுக்கு எல்லாம் தெரிகிறது, எங்கே நிற்கும் எங்கே எழும் என்று. அவருக்கு இந்தப் பாட்டெல்லாம் சும்மா, ரயிலில் நம் ஊர் வருகிறவரை நகர்ந்துபோகிற ஊர்கள் மாதிரி.

பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்தார். மெல்லிய உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கோடு, வரும்போதே தன்னை ரங்கபாஷ்யம் என்று சொல்லிக்கொண்டவர். "சார் நாடகம் பாத்தேளா?" என்று கிசுகிசுத்தார். தணிகாசலம் இல்லை என்று தலையாட்டினார். "நான் மொத நாள் பாத்தேன். இங்க இருக்கறவாள்ல நான் ஒருத்தன்தான். கல்யாணப் பாட்டுன்னு நெனச்சு வந்தவா எல்லாம் பாதில எழுந்து போயிட்டா. கடைசில மேடைல இருந்தவாதான் ஜாஸ்தி." அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னார், தோற்றுப்போன பெரிய யுத்தத்தில் தானும் இருந்ததாகச் சொல்கிற மாதிரி. தணிகாசலம் கேட்டுவிட்டார், கேட்ட பிறகுதான் வாய் திறந்ததே தெரிந்தது. "அந்த அண்டாக்காரன் எப்படி இருந்தான்?" ரங்கபாஷ்யம் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். இந்த மனுஷன் கண்ணுக்குள் எங்கேயோ மேடையில் லோகு நனைந்துபோய் நிற்கிறான், அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். "ஞாபகம் இல்ல சார்," என்றார் ரங்கபாஷ்யம். "யாரோ ஓடிவந்தான். லுங்கி கட்டிண்டிருந்தானோ." லுங்கி. தணிகாசலம் அதை எடுத்துவைத்துக்கொண்டார். வீட்டில் அவன் லுங்கி கட்டினதே இல்லை, பேன்ட்டோடு படுத்து பேன்ட்டோடு எழுந்திருப்பான். என்ன நிறம் என்று கேட்கலாம், கேட்டால் எதற்கு என்பார்.

அவர் பார்த்திருக்கவேண்டியதுதான். லோகு திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தான். நாடகம் ஆரம்பித்த அன்றைக்கு ராத்திரி ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி, "இப்ப வேணாம்பா, ஒரே கூட்டமா இருக்கு, அம்மாவுக்கு நிக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க, மொத வரிசைல ஒக்கார வெக்கறேன்," என்றான். அவன் அம்மா வச்சலா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று புடவையை இஸ்திரி போட்டு வைத்தாள். வியாழக்கிழமையே நின்றுபோய்விட்டது. கூட்டம் என்று அவன் சொன்னது காலி நாற்காலிகளை என்று தணிகாசலத்துக்கு இப்போது, இந்த ரங்கபாஷ்யம் வாயால்தான் தெரிகிறது, இத்தனை வருஷம் அவர் நிஜமாகவே அங்கே கூட்டம் என்று நினைத்திருந்தார். சொல்லமாட்டான் அவன். சிடியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அதைப் போட்டுக் கேட்க அப்போது வழி இல்லை. இரண்டு பேரும் சைக்கிளில் பஜாருக்குப் போய், கேசட் கடையில் கெஞ்சிப் போடவைத்தார்கள். வெளியே பஸ் ஹாரன், கடைக்காரன் வேறு ஏதோ கணக்கில் இருக்கிறான், பாட்டுப் பாட்டாகப் போகிறது, லோகு விரலைத் தூக்கி, "இப்ப, இப்ப," என்கிறான், வந்தது, போய்விட்டது. "எதுடா நீ?" என்றார் தணிகாசலம். அவருக்குக் குரல் பிடிபடவில்லை. "அண்டாப்பா. அண்டா மிதக்குதுன்னு சொன்னது நான்தான்." மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நெஞ்சு குலுங்கிச் சிரித்தார், கேசட் கடைக்காரனும் சிரித்தான். லோகு தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டிருந்தான், காது மடல் சிவந்துபோயிருந்தது. வெயில்தான் என்று அப்போது நினைத்தார். காதுதானே சிவந்தது, கண்ணும் ஏற்கெனவே மஞ்சளாக இருந்ததோ, அப்போதே பார்த்திருக்கவேண்டுமோ. இல்லை, அது அப்புறம். அது மாசிக்கு அப்புறம்.

இந்த வழியில் போகக்கூடாது என்று அவருக்குத் தெரியும், ஆனால் பாட்டில் மழை வலுத்துவிட்டது, மாப்பிள்ளையின் மாமா ஜம்பமாகப் பாடிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார், பாத்திரங்கள் உருள்கிற சத்தம். இது முடிந்து இன்னொன்று, அதற்கப்புறம் அதுதான். கழுத்தில் வியர்வை இறங்கி முதுகுக்குப் போனது. பங்குனியில் ஒரு விடிகாலை லோகு பையோடு வந்து வாசலில் நின்றான். கிட்டே போய், கட்டைவிரலால் அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், மாட்டுக்குப் பார்க்கிற மாதிரியே. "அப்பா, நான் மாடில்லப்பா," என்று அவன் சிரித்தான். மஞ்சள், வெண்விழி முழுக்க, பழுத்த எலுமிச்சைத் தோல் மாதிரி. மாடாக இருந்திருந்தால் அப்போதே வண்டி பிடித்திருப்பார். மாட்டுக்காரனிடம் அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், ஈரல் சமாச்சாரம், நாட்டு மருந்து என்று உட்கார்ந்துவிடாதே என்று. மகனுக்குக் கீழாநெல்லி. வச்சலா அரைத்து அரைத்து மோரில் கலக்கினாள், அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான், மூன்றாம் வீட்டுக்காரர் மந்திரிக்க ஆள் கூட்டிவந்தார். எத்தனை நாள் அப்படிப் போனது என்று அவர் எண்ணுவதில்லை. எண்ண ஆரம்பித்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காலையும் ஒரு சாயங்காலமும் இருக்கிறது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே," என்றார். திட்டவில்லை. மழைக்கு முன்னால் வந்திருக்கலாமே என்கிற மாதிரி சொன்னார். கடைசி இரண்டு நாள் லோகு ஏதேதோ பேசினான், யாரையோ கூப்பிட்டான், குரல் மாறிப்போயிருந்தது. அந்தக் குரலைத் தணிகாசலம் வைத்துக்கொள்ளவில்லை. இதைத்தான் வைத்துக்கொண்டார், அண்டாவை. சின்ன வயசில் அவன் கூப்பிட்டது, சண்டை போட்டது, பரீட்சைக்குச் சத்தமாகப் படித்தது, எல்லாம் தேய்ந்து தேய்ந்து இந்த ஒரு வரிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது நினைத்துப் பார்த்தால், அப்பா நான் மாடில்லப்பா என்பதுகூட அண்டா மிதக்குதண்ணே என்கிற ராகத்தில்தான் கேட்கிறது.

வச்சலா கேட்கமாட்டாள். அவர் போனை எடுத்தாலே பின்கட்டுக்குப் போய் விறகை அடுக்குவாள், அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்குவாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், வருஷ திவசம் முடிந்த வாரம். பாதியில் எழுந்துவிட்டாள். "என்னடி, இன்னும் அவன் வரலையே," என்றார். "எனக்கு வேணாம். அந்தம்மா எண்ணிக்கிட்டே இருக்கா," என்றாள். எந்த அம்மா, என்ன எண்ணுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை, மகன் குரலைக் கேட்கக் கசக்கிறதா உனக்கு என்று கொஞ்சநாள் கோபமாகக்கூட இருந்தார். இன்றைக்குக் காலையிலும் எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பைக்குள் வைத்துவிட்டு, "வெயில்ல நடக்காதீங்க, ஆட்டோல போங்க," என்றாள். தெரிந்திருக்கும். அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது.

வீணை மட்டும் தனியாக ஒரு இழை இழுத்தது. முன் வரிசைப் பெண்ணின் விரல் நின்றது. கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு அடங்கினார்கள். இதுதான், இந்த இழைக்கு அப்புறம் அந்தப் பெண் குரல் பாடும், பாடிக்கொண்டே இருக்கும், அப்புறம் மத்தளம் ஒரு புரளல் புரளும், அதற்குச் சற்று முன்னால் லோகு. தணிகாசலம் பையின் காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் காது பாட்டில் இருக்காது, பாட்டுக்கு அடுத்து வரப்போவதில் இருக்கும், கதவுக்குப் பின்னால் நிற்கிறவனின் நிழலைப் பார்க்கிற மாதிரி. இன்று கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் காது அங்கேயே போனது. போய், யாரும் இல்லாமல், திரும்பி வந்தது. திரும்பி வந்த இடத்தில் அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன் தலைகளை, மழையே, ஒன்று குறையுது. பெரியவன் இருக்கான், பெரியவன் பெண்சாதி இருக்கா, நாத்தனார் இருக்கா, நனைஞ்ச குழந்தை நாலும் இருக்கு. எண்ணிப் பார்த்தேன் தலைகளை, ஒன்று குறையுது. மொட்டைமாடியில் இருட்டில் கல்யாணப்பெண்ணின் அம்மா ஒவ்வொருத்தர் தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். சின்ன மகள் கீழே தங்கிவிட்டாள். யாருக்கும் இன்னும் தெரியாது, எண்ணுகிற அவளுக்கே இன்னும் சரியாகத் தெரியாது, தப்பாக எண்ணிவிட்டோம் என்றுதான் நினைக்கிறாள், அதனால் முதலிலிருந்து எண்ணுகிறாள். மறுபடி பெரியவன், மறுபடி நாத்தனார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிறது. இருபது வருஷமாக இந்தப் பாட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தவர் இதை ஒருநாளும் கேட்டதில்லை. வச்சலா ஒரே தடவையில் கேட்டுவிட்டாள். திவசம் முடிந்த வீட்டில், ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு, தானும் கூடவே எண்ணியிருக்கிறாள். மத்தளம் புரண்டது. அதற்கு முன்னால் ஒரு இடம் வந்து, அதில் மழை மட்டும் பெய்து, ஒன்றும் நடக்காமல் போய்விட்டது. அந்த மழைக்கு அப்புறம் அம்மாக்காரி எண்ணவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, ரங்கபாஷ்யம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாக இருக்கிறது. அவன் இல்லாமல் இது நன்றாகத்தான் இருக்கிறது. இவர்கள் எல்லாரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், சாவு வீட்டில் வந்து சோறு கேட்கிற மாதிரிதான் இருந்திருக்கிறது. இதை எழுந்து நின்று யாரிடம் போய்ச் சொல்ல. என் பையனை எடுத்தது நல்லதாப் போச்சும்மா என்றா. அதற்கப்புறம் வந்த பாட்டுகள் எதுவும் அவர் காதில் விழவில்லை, விடிந்ததும், படகு வந்ததும், யாரோ தாலி எங்கே என்று கேட்டதும்.

முடிந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவரும் எழுந்து தட்டினார். ஃபேன் மறுபடி லொடலொடத்தது, ஒரு மேஜையில் போண்டாவும் சட்னியும் வைத்திருந்தார்கள், ஜனங்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். இப்போது கிளம்பினால் ஐந்தரை வண்டியைப் பிடித்துவிடலாம். படி வரை போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஃபர்ஹானா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார். எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சும்மா. அந்த எண்ணுற பாட்டு. இப்பத்தான் நல்லா இருக்கு."

"தேங்க்ஸ் சார். அந்த ஒரு இடத்துக்கே ரெண்டு வாரம் ஆச்சு. அவர் அரை சுருதி கீழ இருக்கார். ஆனா அதுக்காக எடுக்கல. அந்தம்மா அழ ஆரம்பிக்கிற இடத்துல எல்லாரையும் சிரிக்க வெச்சிடறார்."

"ஆமா. சிரிப்பு வரும்," என்றார். பிறகு, "எடுத்ததை என்ன பண்ணுவீங்க? வெட்டுனதை?"

அவள் கை நின்றது. "எதையும் தூக்கிப் போட மாட்டேன் சார். தனியா வெச்சிருக்கேன். ஏன் சார், நீங்க அண்டா கட்சியா?" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விட்டாள். "அவர் யாருன்னு தெரியுமா? சிடி அட்டைல 'மற்றும் குழுவினர்'னுதான் இருக்கு. பேர் கெடைச்சா போடலாம்னு பாத்தேன், யாருக்கும் தெரியல."

"லோகநாதன்," என்றார் தணிகாசலம். "டி. லோகநாதன்." எருமை பாலத்தைக் கடந்துவிட்டது. இனிஷியலுக்கு விளக்கம் அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. ஃபர்ஹானா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒக்காருங்க சார். இப்பல்லாம் குரலைத் தனியா, வாத்தியத்தைத் தனியா பிரிச்சு எடுக்க முடியும். அவர் குரலை மட்டும் பிரிச்சு வெச்சிருக்கேன். வரிக்கு அப்புறமும் ஏதோ பேசறார், மத்தளம் மேல விழுந்துட்டதால சிடில யாருக்கும் கேக்காது. கேக்கறீங்களா?" பதிலுக்குக் காத்திருக்காமல் கருப்பு ஹெட்போனை எடுத்து அவர் காதுகளில் மெதுவாக வைத்தாள். ஃபேன், போண்டா, பேச்சு எல்லாம் கிணற்றுக்குள் போன மாதிரி போய்விட்டது.

முதலில் ஒன்றுமில்லை. மழைகூட இல்லை. பிறகு ஒரு மூச்சு, உள்ளே இழுத்த மூச்சு, ஓடிவந்தவன் மூச்சு, மூக்கு கொஞ்சம் அடைத்திருக்கிறது. அவனுக்கு ஐப்பசி வந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். அண்டா மிதக்குதண்ணே, சாம்பார் அண்டா மிதக்குது. பின்னால் பாட்டும் இல்லை, அழுகிறவளும் இல்லை, வெறும் அவன். அப்புறம் கொஞ்சம் வெறுமை, அதில் துணி உரசுகிற சத்தம், எட்டு வைத்துப் பின்னால் நகர்கிற சத்தம். மத்தளம் புரளவேண்டிய இடத்தில் மத்தளம் இல்லாமல், பாட்டுக் குரல் இல்லை, வீட்டுக் குரல், சன்னமாக, பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்துக் கேட்கிறான். "சரியா இருந்துச்சாண்ணே?" அவ்வளவுதான். அதோடு முடிந்தது. யார் அந்த அண்ணன், அவர் தலையை ஆட்டினாரா இல்லையா, அது எதிலும் பதியவில்லை. தணிகாசலம் ஒரு விரலைத் தூக்கி இன்னொரு முறை என்று காட்டினார். மூச்சு, அண்டா, துணி, சரியா இருந்துச்சாண்ணே. மறுபடி விரலைத் தூக்கினார். மூன்றாவது முறை அந்தக் கேள்வி முடிந்து அதற்கப்புறம் வருகிற வெறுமை வந்ததும், "இருந்துச்சுப்பா," என்றார். காது அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. போண்டா மேஜைப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபர்ஹானா அவர்கள் பக்கம் திரும்பவில்லை, ஹெட்போனையும் எடுக்கவில்லை. கையை நீட்டி மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள்.